கொட்டாங்கச்சித் தண்ணீர்

அந்த நாய்க்குட்டியைக் கொன்றவள் நான்.

மைமூன் அக்கா இல்லை. எலிப் பாஷாணம் இல்லை. நான்தான்! இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. எழுதினால் நெஞ்சு லேசாகும் என்று யாரோ சொன்னார்கள். ஆகவில்லை. இருந்தாலும் தொடங்கிவிட்டேன், முழுவதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

ஒரு நாய்க்குட்டி செத்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைப்பீர்கள். நானும் எனக்கே அப்படித்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நாய்தானே! தெருவுக்கு நாலு கிடக்கிறது! பலிக்கவில்லை. அந்தக் குட்டியோடு சேர்த்து இன்னொன்றையும் நான் சாகடித்தேன். அது ஒரு மனுஷியின் நல்ல பெயர்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரே முற்றம், நடுவில் கிணறு, இரண்டு பக்கமும் இரண்டு குடித்தனம். வீட்டுக்காரர் அடுத்த தெருவில் இருந்தார். என் கணவருக்கு நெய்வேலியில் சுரங்க வேலை. அங்கே குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. சிநேகிதர்களோடு ஒரு அறையில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விடுவார்.

எனக்குக் கடலூரில், மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் உத்தியோகம். காலை ஆறே முக்காலுக்கு வீட்டைப் பூட்டினால் பாசஞ்சர் ரயிலைப் பிடிக்கலாம். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போகும். கரிப்புகை படிந்த புடவையோடு நான் திரும்பி வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழு தாண்டியிருக்கும். பன்னிரண்டு மணி நேரம்... இந்தப் பன்னிரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முந்தின ஐப்பசியில் எங்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. மார்கழியில் இறந்துபோயிற்று. ஐம்பத்திரண்டு நாள். ஜுரம் கண்டது, ஜன்னி வந்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அவ்வளவுதான். பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரை இங்கே எழுத என் கை வரவில்லை.

தை மாதம் மறுபடியும் வேலைக்குப் போனேன். போகாமல் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? தூளி இன்னும் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்க்க எனக்கு மனமில்லை, அவிழ்க்கச் சொல்ல என் கணவருக்குத் தைரியமில்லை. சனிக்கிழமை வந்தால் இருவரும் அந்தத் தூளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

மாசியில் ஒரு சனிக்கிழமை அவர் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார்.

வெளிநாட்டு மரப்பெட்டி. இயந்திர சாமான் வந்த பெட்டி. மேலே கறுப்பு மையில் புரியாத எழுத்துகள், பக்கத்துக்குப் பக்கம் சட்டம் அடித்து இடைவெளி விட்டிருந்தது. உள்ளே வைக்கோல்மேல் ஒரு குட்டி! காது மட்டும் கறுப்பு, மற்றதெல்லாம் பழுப்பு. சுரங்கத்தில் வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஒருவரின் நாய் போட்ட குட்டியாம். ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"ஒனக்குத்தான் ராஜம்," என்றார். "வூட்டுக்கு வந்தா ஒரு சத்தம் இருக்கட்டும்."

என் முகத்தை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே... ஒரு மனிதன் தன் சக்திக்கு எட்டியதையெல்லாம் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மனைவியின் முன்னால் வைத்துவிட்டு நிற்கிற பார்வை. நான் அழுதேன். குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஜிம்மி என்று பெயர் வைத்தோம்.

அந்த ஜெர்மன்காரர் வளர்ப்பு முறையும் சொல்லி அனுப்பியிருந்தார். அவர்கள் ஊரில் குட்டியைப் பெட்டியில் விட்டுத்தான் பழக்குவார்களாம். கொஞ்ச நாளில் அதற்கே அது தன் வீடு என்று ஆகிவிடுமாம். கொஞ்ச நேரம் உள்ளே, கொஞ்ச நேரம் வெளியே, பிறகு மறுபடி உள்ளே. என் கணவர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னார். 'கொஞ்ச நேரம்' என்ற வார்த்தை மட்டும் எனக்கு வசதியாக மறந்துபோயிற்று!

எனக்கு வேறு வழி இருந்ததா? இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எதிர்க் குடித்தனத்தில் இருந்தவர் மைமூன் அக்கா. பரங்கிப்பேட்டைக்காரர். நாற்பது வயதிருக்கும். அவருடைய கணவர் பினாங்கில் ஒரு கடையில் வேலையாக இருந்தார், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து போவார். அக்கா தெருப் பிள்ளைகளுக்குக் காலையில் குர்ஆன் ஓதிக் கொடுப்பார். என் மாமியார் முப்பதாம் நாள் ஊருக்குப் போன பிறகு என் குழந்தையைக் கால் நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டியது அவர்தான். எனக்குத் தாயும் இல்லை, கூடப் பிறந்தவளும் இல்லை. குழந்தையின் மூக்கைச் சீர் பண்ணுவதும், சாம்பிராணிப் புகை காட்டுவதும், எல்லாம் அக்காதான்.

பிள்ளைகள் கை கால் கழுவிக்கொண்டு ஓதுவதற்கு வருவார்கள் என்பதால், நாய் முற்றத்தில் திரியக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நியாயம்தான். ஆகவே பெட்டியைப் பின்தாழ்வாரத்தில் வைத்தேன். முற்றத்தைப் பார்த்த பக்கம் இரும்புக் கம்பி போட்ட தாழ்வாரம் அது. காலையில் பாலும் சோறும் ஒரு தகரக் கிண்ணத்தில், தண்ணீர் இன்னொன்றில். மூடியைப் போட்டு, கொக்கியை மாட்டி, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடுவேன்.

இரண்டையும் அது அரை மணியில் கவிழ்த்துவிடும். பிறகு மிச்ச நேரம் முழுவதும் ஈர வைக்கோலில், தன் மூத்திரத்திலேயே... அந்தப் பெட்டியின் நீளம் என் கைக்கு இரண்டு முழம். நான் ஆபீஸில் கால் மரத்துப்போனால் எழுந்து ஜன்னல் வரை நடந்து வருவேன். அப்போதெல்லாம் ஒரு தடவையாவது அதை நினைத்தேனா? நினைத்தேன். நினைத்துவிட்டு அடுத்த தாளை மெஷினில் சொருகினேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா கிணற்றடியில் என்னை நிறுத்தினார்.

"ராஜம், குட்டி நாள் முச்சூடும் அழுவுதும்மா. காதுல வாங்க முடியல."

பிள்ளைகள் ஓதும்போது தொந்தரவாக இருக்கிறது என்று புகார் சொல்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். முகம் சுண்டிப்போயிற்று. "என்னக்கா பண்ணச் சொல்றீங்க? வேலைக்குப் போவாம இருக்க முடியுமா?" என்றேன் வெடுக்கென்று.

"அதுக்கு இல்லம்மா. சாவியக் குடுத்துட்டுப் போயேன். மத்தியானம் ஒரு தடவ தெறந்து வுட்டு, தண்ணி காட்டுறேன்."

"நாயத் தொட்டா ஒங்களுக்கு ஆவாதேக்கா."

"தொட்டா கழுவிக்கிட்டாப் போச்சு. அதுக்குன்னு ஒரு உசுரு தவிச்சிக்கிட்டுக் கெடக்கணுமா?"

நான் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சாவியைக் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை? தூளிக்காக. குழந்தை போய் மூன்று மாதம் ஆகியும் அது தொங்குவதை அவர் பார்த்தால் அவிழ்த்து மடித்து வைத்துவிடுவார் என்று பயந்தேன். பைத்தியக்காரத்தனம்தான்! ஒரு பழம்புடவைத் துணியைக் காப்பாற்றுவதற்காக உயிரோடு இருக்கிற ஒன்றைப் பூட்டி வைத்தேன்.

அழுகைக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். அப்போதுதான் அந்த டப்பா கண்ணில் பட்டது.

நம் வீடுகளில் குழந்தை பிறந்தால் உரை மருந்து டப்பா ஒன்று இருக்குமே... வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சுக்கு, ஜாதிக்காய். தாய்ப்பால் விட்டுக் கல்லில் உரைத்து நாக்கில் தடவுவோம். ஜாதிக்காய் தூக்கத்துக்கு. என் மாமியார் போகும்போது விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "ஜாதிக்கா மட்டும் ஒரே இழைப்பு. ஜாஸ்தி ஆயிடக் கூடாது, பாத்துக்க."

குழந்தையைத் தூங்க வைக்கிற மருந்து குட்டியையும் தூங்க வைக்காதா? எனக்கு அது குறும்பாகக்கூடத் தோன்றியது. பசும்பாலில் ஒரே ஒரு இழைப்பு. குட்டி நக்கிக் குடித்தது. அன்று சாயங்காலம் அக்கா, "இன்னிக்கு சத்தமே காணும், நல்லாத் தூங்கிருச்சு போல" என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? உச்சி குளிர்ந்துபோயிற்று!

ஒரு இழைப்பு நாலு நாள் தாங்கியது. பிறகு மூன்று இழைப்பு. பிறகு ஐந்து. பங்குனி முடிவதற்குள் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

குட்டி மெலிந்தது. நான் பெட்டியைத் திறக்கும் சாயங்காலங்களில் எழுந்து நிற்கப் பார்க்கும், பின்னங்கால் பின்னிக்கொள்ளும், தலை ஒரு பக்கம் சாயும். வளர்கிற வயதில் சோம்பல் என்று சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் கொஞ்சமாகத்தான் கொடுப்பேன், ஞாயிற்றுக்கிழமை கொடுக்கவே மாட்டேன். என் கணவர் இருக்கும்போது அது துள்ளும், செருப்பைக் கடிக்கும், அவர் மார்பில் ஏறிப் படுத்துக்கொள்ளும். "பயலுக்கு என்னா துறுதுறுப்பு பாத்தியா!" என்று அவர் பூரித்துப்போவார். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அது நாயாக இருந்தது.

ஒரு காலையில் நான் உரைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கிணற்றடியில் வாளியோடு நின்றார். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"என்னம்மா உரைக்கிற?"

"தலவலிக்கா. சுக்கு."

அவர் கம்பிக்குப் பக்கத்தில் வந்து மூச்சை இழுத்தார். "சுக்கு வாசன இப்படி இருக்காதே," என்று மெல்லச் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் உரைகல் எதற்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கும். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பார்.

சித்திரை வந்தது. வெயில் கொளுத்தியது. ஒரு சனிக்கிழமை அக்காவின் மாணவி ஒருத்தி குர்ஆன் ஓதி முடிக்கிறாள் என்று அவர் வீட்டில் சின்ன விசேஷம். பரங்கிப்பேட்டையிலிருந்து அக்காவின் அண்ணன், அண்ணி, சொந்தக்காரர்கள் எல்லாம் வருவதாக இருந்தது. முந்தின நாள் குட்டி சரியாகத் தூங்கவில்லை, மத்தியானமே விழித்துக்கொண்டு கத்தியிருக்கிறது. நாளைக்கும் கத்தித் தொலைத்தால்? விருந்தாளிகள் முன்னால் அக்காவுக்கு எவ்வளவு சங்கடம்!

பாருங்கள், அக்காவுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்!

உரைக்க நேரமில்லை. ரயிலுக்கு நாழியாகிவிட்டது. பாதி ஜாதிக்காயை அம்மியில் வைத்து நசுக்கினேன். பாலில் கலந்து, கசப்புத் தெரியாமலிருக்க வெல்லம் போட்டேன். ஜிம்மி குடித்தது. என் விரலையும் நக்கியது. மூடியைப் போட்டேன், கொக்கியை மாட்டினேன்.

ஏழு பத்துக்கு நான் சந்துக்குள் நுழையும்போதே என் கணவரின் குரல் கேட்டது. இன்னும் முழுதாக இருட்டவில்லை. முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர். விருந்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் புறப்படாமல் இருந்தார்கள். வீட்டுக்காரர் வந்திருந்தார். என் கணவர் கையில் ஒரு கொட்டாங்கச்சி.

பெட்டியைத் திறந்து வெளியே போட்டிருந்தார். குட்டி கால்களை நீட்டி விறைத்துக் கிடந்தது. வாயில் நுரை காய்ந்திருந்தது. சட்டங்களில் நகத்தால் பிறாண்டிய கோடுகள்...

"நாலு மணிக்கு வந்து பாக்குறேன், இப்படிக் கெடக்குது," என்றார் என்னிடம். கண் சிவந்திருந்தது. அந்த மனிதர் குழந்தை போனபோது அழவில்லை, எனக்காக அடக்கிக்கொண்டார். அன்று அழுதிருந்தார். "கம்பிக்குள்ள இந்தக் கொட்டாங்கச்சி இருந்துச்சு. இத நீ வச்சியா?"

"இல்ல. நான் வக்கல."

உண்மை. அணுவளவும் பொய்யில்லாத உண்மை! நான் வைக்கவில்லைதான்!

அவர் மைமூன் அக்கா பக்கம் திரும்பினார். "அப்ப யாரு வச்சா?"

"நான்தான் தம்பி வச்சேன்," என்றார் அக்கா. விசேஷத்துக்குக் கட்டிய புதுப்புடவையில் இருந்தார். "மத்தியானம் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு இளைச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. பாக்கச் சகிக்கல. வெறுந்தண்ணிதான் தம்பி. வெளக்கமாத்துக் கட்டயால பெட்டிக்கிட்ட தள்ளி வச்சேன்."

"வெறுந்தண்ணி குடிச்சா நொர தள்ளுமா? நாயின்னாலே ஒங்க ஆளுங்களுக்கு ஆவாது. புடிக்கலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமுல்ல? எலி மருந்த வச்சுக் கொல்லணுமா?"

"அல்லா மேல சத்தியமா..." என்று அக்காவின் அண்ணி முன்னால் வந்தார். அக்கா அவரைக் கையமர்த்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இல்லை. அவர் காத்திருந்தார். இதோ இவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தார். அவருக்குத் தெரியும்! வாசனை தெரியும், உரைகல் தெரியும், குட்டி பகலெல்லாம் செத்ததுபோல் தூங்கியது தெரியும். ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும், பழி என் தலையில் விழுந்திருக்கும்.

அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டிபன் காரியரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

ஏன் சொல்லவில்லை? இதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. நாய் செத்ததற்கு என் கணவர் திட்டுவார் என்றா பயந்தேன்? இல்லை. ஜாதிக்காய் கொடுத்தேன் என்று சொன்னால் அவர் அடுத்தது என்ன கேட்பார்? எவ்வளவு கொடுத்தாய் என்பார். எப்போதிலிருந்து என்பார். பிறகு அந்த உரை மருந்து டப்பாவைப் பார்ப்பார். பிறகு...

குழந்தைக்கு ஜுரம் கண்டதற்கு முந்தின நாள் மத்தியானம் அது ஓயாமல் அழுதது. எடுத்தால் அழுகை, போட்டால் அழுகை. எனக்கு இடுப்பு ஒடிந்தது, கண் சொருகியது. ஒரு இழைப்பு கொடுத்தேன். தூங்கவில்லை. இன்னும் கொடுத்தேன். மூன்று இழைப்பா, ஐந்தா, தெரியாது. தூங்கிவிட்டது. நானும் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினேன். மறுநாள் உடம்பு சுட்டது.

ஜுரம்தான் என்றார் டாக்டர். விஷ ஜுரம், அந்த வாரத்தில் ஊரில் பல குழந்தைகளுக்கு வந்தது என்றார். ஜுரம்தான். ஜுரமாகத்தான் இருக்க வேண்டும்! விறைத்துக் கிடந்த அந்தக் குட்டியைப் பார்க்கும்வரை எனக்கு அந்த மத்தியானம் நினைவிலேயே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பார்த்த பிறகு வேறு எதுவும் நினைவில் இல்லை.

ஆகவே வாயைத் திறக்கவில்லை. என் கணவர் என்னை ஒரு தடவை சந்தேகமாகப் பார்ப்பதைவிட, மைமூன் அக்காவை ஊரே கொலைகாரியாகப் பார்ப்பது எனக்குத் தேவலையாக இருந்தது.

வீட்டுக்காரர் இரண்டு நாளில் அக்காவைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். "எதுக்கு வம்பு, மனசு ஒத்துப் போவாதவங்க ஒரே முத்தத்துல இருக்க வேணாம்" என்றாராம். மனம் ஒத்துப் போகாதவர்களா! என் பிள்ளை முதல் தடவை சிரித்ததைப் பார்த்தவரே அவர்தான்.

அடுத்த வாரம் அவருடைய அண்ணன் மாட்டு வண்டியோடு வந்தார். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. போயிருந்தால் நல்லது என்று பிறகு தோன்றியது. சாமான்களை ஏற்றி முடித்த பிறகு அக்கா கிணற்றடிக்கு வந்தார். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"நான் வாயத் தொறக்கல ராஜம். நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

அவர் முற்றத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புள்ளயப் பறிகுடுத்தவ மனசு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நாலு பேரு முன்னாடி வேணாம். அவருகிட்ட மட்டும் சொல்லிடு. இன்னிக்கு இல்லாட்டி நாளக்கி, மனசு ஆறுன பொறவு. எம்மேல பழி அப்படியே இருக்கட்டும்னு வுட்டுடாதம்மா."

தலையாட்டினேன். நன்றாக, பெரிதாக, மேலும் கீழும் தலையாட்டினேன்! அவர் கம்பிக்குள் கைவிட்டு என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் என் கணவர் வந்தார். தூளி இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். நானே அவிழ்த்துவிட்டிருந்தேன். "நல்லது பண்ணுன" என்றார். அவர் முகம் அன்று தெளிந்திருந்தது. இப்போது எப்படிச் சொல்வது, அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவருக்கு ஜலதோஷம். அதற்கடுத்த வாரம் அவர் தங்கை வந்திருந்தாள். இப்படியே எத்தனை வாரங்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் ரயிலோ தினமும் இரண்டு முறை பரங்கிப்பேட்டையில் நின்றது! காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஸ்டேஷன் வரும்போது பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். இறங்கினால் விசாரித்துக்கொண்டு போய்விடலாம். ஒரு நாள்கூட இறங்கவில்லை.

அந்த ரயிலில் கால்நடை டாக்டர் ஒருவர் வருவார். ஒரு நாள் யாருக்கோ நடந்ததுபோல் அவரிடம் கேட்டேன். "நாய்க்கு ஜாதிக்காயா? ஐயோ, ஆவவே ஆவாதும்மா, வலிப்பு வந்துடும்" என்றார். சரி, நாய்க்கு ஆகாது. குழந்தைக்கு? அதைக் கேட்கத்தான் அவரை அணுகினேன். கேட்காமலேயே இறங்கிப் போய்விட்டேன்.

பிறகு எனக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு உரை மருந்து கொடுக்கவே இல்லை. என் மாமியார் திட்டினார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்கு மூன்று வயது நடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் கடலூருக்குக் கிளம்பினோம், கடல் காட்டலாம் என்று. பரங்கிப்பேட்டையில் கிராஸிங். எதிர் வண்டி வரும்வரை எங்கள் வண்டி நகராது. குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னால் அவளைத் தூக்கி இந்தப் பக்கம் வைக்க முடியவில்லை, வேடிக்கை பார்க்க வேண்டும் என்று அடம்.

"ராஜம்!"

அக்கா! பிளாட்பாரத்தில் சிதம்பரம் வண்டிக்காக நின்றிருந்தவர் ஜன்னலுக்கு ஓடி வந்தார். தலைமுடி பாதி நரைத்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நம்பியிருக்கிறார். நாலு வருடமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். இல்லாவிட்டால் என் கணவர் பக்கத்தில் இருக்கும்போது அப்படி ஓடி வருவாரா?

"நல்லா இருக்கீங்களா தம்பி? இது யாரு, ஒங்க மவளா? மாஷா அல்லா, அப்படியே ஒன் மொகம் ராஜம்!" என்று பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் குழந்தையின் கையில் வைத்தார். குழந்தை வாய்க்குக் கொண்டுபோனாள்.

என் கணவர் எழுந்தார். குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பழத்தைப் பிடுங்கி, ஜன்னல் வழியாக வீசினார். அது அக்காவின் காலடியில் விழுந்தது.

"வெஷம் வச்ச கை," என்றார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்குவதை நான் பார்த்தேன். அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம்! வண்டி நின்றுகொண்டிருந்தது, எதிர் வண்டி இன்னும் வரவில்லை, அவகாசம் எவ்வளவோ இருந்தது. நான் மகளின் கையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தேன். பிசுபிசுப்பு போகவில்லை, அதையே துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அக்கா அங்கே இல்லை.

"ஏம்மா அப்பா தூக்கிப் போட்டாரு?" என்று அழுதாள் மகள்.

"அது அழுக்கு கண்ணு," என்றேன். "அவங்க குடுக்குறத வாங்கித் திங்கக் கூடாது."

இதைச் சொன்னது யார்? அவர் இல்லை. நான்! அந்த வண்டியில் உண்மை தெரிந்த ஒரே ஆள், என் வாயால் சொன்னேன்.

என் கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. கடைசிப் படுக்கையில் ஒரு மாதம் கிடந்தார். தினமும் கை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தினமும் சொல்லப் பார்த்தேன். நிம்மதியாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவருடைய நிம்மதியா, என்னுடையதா? அக்கா என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவில்லை. விசாரிக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

இப்போது மகளோடு இருக்கிறேன். அவளுக்கும் பேரப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எதிர் வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்தப் பெண் சின்னவள், என்னை "பாட்டிம்மா" என்று கூப்பிடுவாள். போன ரம்ஜானுக்கு ஒரு பாத்திரம் நிறையச் சேமியாப் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். என் மகள் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். நேராகச் சமையலறைக்குப் போய்த் தொட்டியில் கொட்டினாள்.

"நல்ல பொண்ணுதாம்மா. ஆனா இவங்க வூட்டுது எனக்கு எறங்க மாட்டேங்குது," என்றாள் என்னிடம். "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். ஏன்னே தெரியல."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பாயசத்தில் முந்திரி மிதந்தது. எல்லாம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பாத்திரத்தைக் கழுவித் துடைத்தேன். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டேன். நானே கொண்டுபோய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா," என்றேன்.